இவ்விடம் நாய் சுகம்

எங்கள் வீட்டு நாயின் பெயர் பிஸ்கட். பெயரை நம்பிக் கையை நீட்டியவர்கள் இதுவரை நாலு பேர். கடைசி ஆள் மீட்டர் பார்க்க வந்த பையன். அவனை கரவனெல்லை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கூட்டிப்போனது நான். நாய்க்கு ஊசி போட்ட காட் இருக்கிறதா, அதைக் கட்டிவைத்துக் கவனிக்க முடியுமா என்றெல்லாம் விசாரித்த மிஸ்ஸி, கடைசியில் நாயின் பெயரையும் கேட்டார். சொன்னேன். கடிபட்டவனே சிரித்துவிட்டான்.

மகன் கட்டாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன நாய் அது. அசல் ரொட்வைலர் என்று சொல்லித்தான் குட்டியைக் கொடுத்தார்களாம். வளர வளரத் தலை ரொட்வைலராகவும் கால்கள் தெஹியோவிட்டச் சந்தியாகவும் ஆகிவிட்டன. கேட்டில் மூன்று மொழியிலும் போர்டு மாட்டியிருக்கிறேன். தமிழில் ‘கடி நாய் கவனம்’. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவனுக்கு அந்தப் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு அற்ப சந்தோஷம். கடி நாய் என்பது வினைத்தொகை. கடித்த நாய், கடிக்கிற நாய், கடிக்கப்போகிற நாய் என்று முக்காலமும் அதற்குள் அடக்கம். வகுப்பில் ‘ஊறுகாய்’ என்று உதாரணம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவன் நான். இந்த உதாரணம் முன்னமே கிடைத்திருந்தால் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள்.

2025 தை மாசம், நீலகிரிப் பக்கம் சேரம்பாடியில் அத்தையின் பேத்திக்குக் கல்யாணம் என்று வட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. 1972ல் இங்கிருந்து போனவர். போய்ப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், நானும் பென்ஷன்காரன் ஆகிவிட்டேன். இந்தத் தடவை விடுவதில்லை என்று கிளம்பினோம். விசாவும் டிக்கெட்டும் ஒரு கிழமையில் முடிந்தன. எங்கள் ஆட்கள் அக்கரை போவதற்கு 1964ல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 1967ல் அதற்கென்று தனியாக ஒரு சட்டமும் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பேரப்பிள்ளையும் ஒரு ஃபோனும் போதும் என்றாகிவிட்டது.

மிஞ்சியது ஒரே கேள்வி. அதை மனைவி கேட்டாள்.

“போறது சரிங்க. இத யாரு பாக்குறது?”

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி வந்தது இது மூன்றாவது தடவை.

மகன் கட்டாரில் இருந்தபடியே கொழும்புப் பக்கம் ஒரு நாய் ஹொட்டலைக் கண்டுபிடித்துத் தந்தான். நாளுக்கு 3,000 ரூபாய். ஏசி உண்டு. நாய் தூங்குவதை நாம் இருக்கும் நாட்டிலிருந்தே பார்க்கக் கமரா உண்டு. ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை, பத்துக்கு எட்டு அடி. நான் பிறந்த லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு. நாலு அடி எங்களுக்குத்தான் கூட. ஆனால் நாங்கள் ஏழு பேர், சமையலும் உள்ளேதான். நாய் ஹொட்டலில் சமையல் அறைக்குள் இல்லை.

அவர்கள் அனுப்பிய ஃபோரம் இரண்டு பக்கம். ‘உங்கள் செல்லம் அந்நியருடன் எப்படிப் பழகும்?’ என்று ஒரு கேள்வி. ‘இதுவரை யாரையாவது கடித்துள்ளதா? ஆம் எனில் எத்தனை தடவை?’ என்று இன்னொன்று. வாத்தியார் புத்தி, உண்மையை எழுதித் தொலைத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பெண்பிள்ளை மிக மரியாதையாக ஃபோன் எடுத்தாள். “அங்கிள், எங்களுக்கு மத்த டோக்ஸோட சேர்ற டோக்ஸ்தான் எடுக்கலாம்” என்றாள். அவள் மேல் பிழை இல்லை. பிஸ்கட்டோடு சேர்கிற பிராணியை நானே இன்னும் கண்டதில்லை.

அடுத்து என் மச்சான். கடிபட்ட நால்வரில் அவரும் ஒருவர். “மச்சான், ஒங்களுக்காக உசிரக் குடுப்பேன். கெண்டக்காலக் குடுக்க மாட்டேன்” என்று ஃபோனை வைத்துவிட்டார்.

அன்று இரவு பிஸ்கட்டுக்குச் சோறு வைத்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். றப்பர் இலை கொட்டுகிற மாசம். காற்றில்லாமலே சருகு விழுகிற சத்தம். பிஸ்கட் ஒவ்வொரு சருகுக்கும் தனித்தனியாக உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு பிரின்ஸ் ஞாபகம் வந்தது.

பிரின்ஸ் ஓர் அல்சேஷன். யட்டியந்தோட்டைப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் தொரை வளர்த்தது. கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் படங்கு, தலையில் போடும் கம்பளி, பால் வெட்டுகிறவர்கள் தூக்கும் வாளி, இவற்றில் எதைக் கண்டாலும் பாயும். கண்டக்டர் ஐயாவையோ டீமேக்கரையோ ஒன்றும் செய்யாது. “கழுத்துல பட்டி இல்லாதவன மட்டுந்தான் கடிக்கும்” என்பார் தாத்தா. ஐயாமார் டை கட்டியிருப்பதைச் சொல்கிறார். நாயை யாராவது அப்படிப் பழக்கினார்களா என்று வெளியாள் ஒருவர் கேட்டதற்கு, “யாரும் பழக்கவில்லை, அதற்குத் தானாகவே தெரியும்” என்று தொரை சொன்னாராம். பங்களா அப்பு வந்து லயத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

1969ல் தொரைக்கு ஊர் லீவு வந்தது. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவது, ஆறு மாசம். நாயைக் கொண்டுபோக முடியாது. இங்கிலாந்தில் வெளிநாட்டு நாய் எதுவானாலும் இறங்கியதும் ஆறு மாசம் தனிமைக் கூண்டில் கிடக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் சட்டம். நீர்வெறுப்பு நோய்க்குப் பயந்து போட்டது. 2000ல்தான் அதைத் தளர்த்தினார்கள். லீவும் ஆறு மாசம், மறியலும் ஆறு மாசம். நாய் விடுதலையாகி வெளியே வருகிற நாளில் எசமான் திரும்பக் கப்பல் ஏறிக்கொண்டிருப்பார்.

வெள்ளைக்காரர் நாய்களுக்கு வரும் வழியில் இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. லெனார்ட் வுல்ஃப் 1904ல் இங்கே உத்தியோகம் பார்க்க வந்தபோது, தொண்ணூறு வால்டேர் புத்தகங்களும் சார்ல்ஸ் என்ற நாயும் அவரோடு புறப்பட்டன. அவர் ஏறிய கப்பல் கம்பெனி நாய்களை ஏற்றுவதில்லை என்பதால் சார்ல்ஸ் வேறொரு கம்பெனியின் கப்பலில் தனிப் பிரயாணியாக வந்தது. கொழும்பில் இறங்கிய கையோடு, தெருவோரம் நின்ற ஒரு சிங்களவரின் வெள்ளைத் துணியை விளக்குக் கம்பமாக எண்ணிக் காலைத் தூக்கியது. வுல்ஃபே இதைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். என் பாட்டனாரின் அப்பா வந்தது அதற்குப் பிறகு, றப்பர் காலத்தில். அவரை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற விட்டார்கள். இக்கரைக்கு வரும் கூலியாட்களுக்காக இலங்கை அரசாங்கம் அக்கரையில் நடத்திய முகாம் அது. இங்கிலாந்தில் நாய்க்கு நடந்தது இந்தியாவில் எங்களுக்கு நடந்தது. ஆறு மாசம் வைக்கவில்லை, அதுவரை நல்லது.

சரி, பிரின்ஸ். பங்களாவில் புல் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு, ஆறு மாசத்துக்கு நாய் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவை அது இரண்டு தடவை கடித்திருந்தது. அந்த முன்னறிமுகம் போதும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எனக்கு ஒன்பது வயசு. முதல் நாள் நாய்க்கூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்துத் தான் ஒரு வாய் தின்றார், பின்பக்கமாக ஒரு துண்டை எறிந்தார். நாய் குரைத்தது. திரும்பவே இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது தலையில் ஒரு குட்டு விழுந்தது. “நீ அதப் பாக்காத. அது ஒன்னப் பாக்கட்டும்.” இரண்டாம் நாளும் அதுவேதான். மூன்றாம் நாள் குரைப்பு நின்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நாலாம் நாள் அப்பாவின் முதுகை மோந்து பார்த்தது. ஒரு கிழமையில் என் கையிலிருந்து ரொட்டி வாங்கியது.

இந்த வேலைக்கு அப்பாவுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோலில் கொழுந்து உண்டு, பால்வெட்டு உண்டு, கான் வெட்டு உண்டு. நாய் என்று ஒரு வேலை கிடையாது. ஆகவே 1969ல் ஆறு மாசமும் அப்பா பாதி நாள் கான் வெட்டியதாகத்தான் கணக்கில் இருக்கும். அத்தனை கான் அந்தத் தோட்டத்திலேயே இல்லை.

பிரின்ஸுக்கு நாளுக்கு ஒரு றாத்தல் இறைச்சி என்று தொரை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒழுங்காக வந்தது. மாசம் ஒருமுறை கிளாக்கர் ஐயா அப்பாவைக் கூப்பிட்டு, நாய் எப்படி என்று கேட்டுவிட்டு, இங்கிலாந்துக்கு இங்கிலீஷில் கடிதம் போடுவார். பிரின்ஸ் சுகம், நன்றாகச் சாப்பிடுகிறது. யாரோ நன்றாகச் சாப்பிட்டார்கள் என்பது உண்மைதான். எலும்பும் குழம்புச் சோறும் தின்று பிரின்ஸ் மினுமினுவென்று இருந்தது. அந்த ஆறு மாசத்தில் எனக்குக் கன்னம் வைத்தது. அம்மா செத்துப்போகும்வரை இதைப் பற்றிப் பேச விடவில்லை.

தொரை திரும்பி வந்த அன்று, கார்க் கதவு திறந்ததும் பிரின்ஸ் ஓடிப்போய் அவர் மேல் ஏறிக் குதித்தது. பிறகு திரும்பி, வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்குக் கோபமே இல்லை.

“விட்றா. அது வேலக்கித் திரும்பிருச்சு.”

1971ல் தொரை ஒரேயடியாகப் போனார். தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு தொடங்கிவிட்டிருந்தது. போவதற்கு முதல் நாள் பின்னேரம் பிரின்ஸை பங்களாவுக்குப் பின்னால் கூட்டிப்போய் அவரே சுட்டார். வேறு யாராலும் அதைச் சமாளிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். வெள்ளைக்காரத் தொரைமாரிடையே அது கௌரவமான வழக்கம்தான். குழி வெட்டியது அப்பா. அதற்கு மட்டும் முழுப் பேர் போட்டார்கள்.

இனி பிஸ்கட்டுக்கு வருவோம். மிருக வைத்தியரிடம் போனேன். இளம் ஆள், நிதானமானவர். மயக்க மருந்து கொடுத்துப் பன்னிரண்டு நாளைத் தள்ள முடியுமா என்று கேட்டேன். என்னைத்தான் மயக்கவேண்டும் என்பதுபோல் பார்த்தார். மூர்க்கமான நாயை இடம் மாற்றுவதே பிழை, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், ஆளைத்தான் கொண்டுவர வேண்டும் என்றார். வாய்க்கூடு போட இப்போதிருந்தே பழக்கச் சொன்னார். முதலில் கூட்டுக்குள் தின்பண்டம் வைத்து மூக்கை மட்டும் நுழைக்கப் பழக்க வேண்டும், பட்டியை மாட்டுவது பிறகு. ஊசிக் காட், கடித்த விபரம், ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைக்கச் சொன்னார். பார்த்துக்கொள்ளப் போகிறவர் ஒரு கிழமைக்கு முன்னமே தினமும் வர வேண்டும். நேரே கண்ணைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் அல்லது முதுகைக் காட்டி உட்கார வேண்டும். சாப்பாட்டை மெல்ல எறிய வேண்டும். அவசரப்பட்டுத் தொடக் கூடாது, நாயே நெருங்கி வர வேண்டும். இதெல்லாம் அச்சடித்த ஒரு தாளில் இருந்தது.

அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ரொட்டிக்குக் காசும் அவர்தான் போட்டார்.

“யாரைக் கண்டால் கூடுதலாகக் குரைக்கும்?” என்று டொக்டர் கேட்டார். எல்லாரையும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

“காரு, வேனுல வர்ற ஆளுக்கு ஒண்ணுஞ் செய்யாது டொக்டர். கொழுந்துக்காரங்களப் பாத்தாத்தான். படங்கு கட்டியிருந்தா கேட்ல ஏறிரும்.”

உண்மை. லயத்திலிருந்து கொழுந்து மடுவத்துக்குப் போகிற குறுக்குப் பாதை எங்கள் வேலியோரம்தான் போகிறது. காலையும் மாலையும் பிஸ்கட்டுக்கு அதுதான் உத்தியோகம்.

“யாராவது அப்படிப் பழக்கினீர்களா?”

“இல்ல டொக்டர். யாரும் பழக்கல. தானாத்தான்” என்றேன்.

சொன்ன பிறகு, அந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஓட்டோவில் திரும்பி வரும்போது மனைவியோடு நான் பேசவில்லை.

கடைசியில் ஆள் கிடைத்தது எங்கள் பழைய லயத்திலிருந்துதான். இருபத்திரண்டு வயசு. கொழும்பில் புடவைக் கடையில் நின்றுவிட்டு, பிடிக்காமல் திரும்பி வந்தவன். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவன், வினைத்தொகையில் தேறாதவன். கேட்டுக்கு வெளியே நின்றே பேசினான்.

“பேர்க் கணக்கா சேர், கொந்தரப்பா?”

நாளுக்கு 1,250 என்றேன். அவன் 1,500 கேட்டான்.

“தோட்டத்துலயே 1,350 தானேடா” என்றேன். முந்தின வருஷம் செப்டம்பரில்தான் அது அந்த அளவுக்கு வந்திருந்தது. 2021ல் ஆயிரத்தைத் தொடுவதற்குள் எங்கள் ஆட்களுக்கு நாக்குத் தள்ளிப்போனது வேறு கதை.

“சரிதான் சேர். தேயில கடிக்காதே?”

“அட்டை கடிக்கும்ல?”

“அட்டைக்கு உப்புப் போட்டா விழுந்துரும். இதுக்கு எத சேர் போடுறது?”

பிஸ்கட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடித்தால் செலவு என் பொறுப்பு என்றேன். “ஊசி ஆஸ்பத்திரில சும்மா போடுவாங்க சேர். வலிக்கு எவ்வளவு?” என்றான். 1,500க்கு ஒத்துக்கொண்டேன். கொழும்பில் 3,000 கொடுக்கத் தயாராக இருந்தவன், லயத்துப் பையனிடம் 250 ரூபாய்க்கு நின்று பேரம் பேசினேன். இதை எழுதாமலே விட்டிருக்கலாம்.

மறுநாள் டொக்டரின் தாளைத் தமிழில் எழுதி அவனிடம் கொடுத்தேன். வாங்கி மடித்துக் களிசான் பையில் வைத்துவிட்டு, கேட்டுக்கு உள்ளே வந்து, பிஸ்கட்டின் சங்கிலி எட்டாத தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பையிலிருந்து ரொட்டியை எடுத்தான். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவில்லை.

பிரின்ஸ் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மணி கதையைச் சொன்னதில்லை.

மணி அத்தையின் நாய். லயத்து நாய், காப்பிக்கொட்டை நிறம், காதில் ஒரு கிழிசல். அத்தையைத் தவிர வேறு யாருக்கும் அடங்காது. கடன் கேட்டு வருகிற கடைக்காரரையும் கடிக்கும், சந்தா கேட்டு வருகிற தலைவரையும் கடிக்கும். கட்சி பேதம் கிடையாது.

இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்ட அந்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்கள் 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, 1974ல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுப் பங்கில் தாத்தா, அப்பாயி, அத்தை மூன்று பேரும் அங்கே. அப்பா, அம்மா, பிள்ளைகள் நாங்கள் இங்கே. மணி எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

1972ல் ஒரு விடியப்புறம், தோட்டத்து லொறியில் பொல்காவலை வரை. அங்கிருந்து தலைமன்னார் மெயில். அதற்கப்பால் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மறுபடியும் மண்டபம் முகாம். பூட்டன் அடைபட்டுக் கிடந்த அதே மண்டபம், இந்த முறை எதிர்த்திசையில். மலைநாட்டில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர். எங்கள் ஒப்பாரி லயத்து வாசலிலேயே முடிந்துவிட்டது. அப்பாயி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அத்தை அழவில்லை. பதினெட்டு வயசு. மணியை ஒரு கயிற்றில் கட்டிக் கயிற்று நுனியை என் கையில் சுற்றினார்.

“பாத்துக்கடா. நீதான் எழுதத் தெரிஞ்சவன். மணி எப்படி இருக்குன்னு கடுதாசி போடு.”

லொறி கிளம்பியதும் கயிறு என் கையைத் தோலோடு உரித்துக்கொண்டு போனது. மணி பாலம் வரை ஓடியது. திரும்பி வந்தது இரண்டு நாள் கழித்து.

வந்ததும் என்னோடு இருக்கவில்லை. பூட்டிய காம்பராவின் இஸ்தோப்பில் போய்ப் படுத்தது. அங்கேயே சோறு வைத்தேன். மூன்று மாசத்தில் அந்தக் காம்பராவை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். மணி அவர்களை உள்ளே விடவில்லை. சாமானோடு வந்த அந்த மனுஷியின் கையைக் கடித்தது. பெரிய கங்காணி அடித்து விரட்டப் போனார், அவரையும் கடித்தது. கட்டி வைத்தால் கயிற்றைக் கடித்துக்கொண்டு அந்தக் காம்பராவுக்கே போகும். குடியிருப்புப் பிரச்சினையில் மணியின் நிலைப்பாடு அவ்வளவு தெளிவாக இருந்தது.

அடுத்த வருஷம் 1973. நீர்வெறுப்பு நோயால் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்த நாட்டில் 377 பேர் செத்தார்கள். இப்போதெல்லாம் வருஷத்துக்கு இருபது முப்பது பேர்தான். 2006க்குப் பிறகு தெருநாயைக் கொல்லாமல் தடுப்பூசி போடுவதும் குட்டி போடாமல் செய்வதும்தான் அரசாங்கக் கொள்கை. அன்றைக்கு அப்படி இல்லை. பதியாத நாய் உயிரோடு இருக்கக் கூடாது என்று தோட்டத்தில் உத்தரவு வந்தது. நாய்களைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901லிருந்தே இருக்கிறது. லயத்தில் யார் பதிந்தார்கள்? எங்களையே பிரஜையாகப் பதியச் சொல்லி எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் நாங்கள்.

துவக்கோடு வந்த வாச்சர் மணியை நெருங்க முடியாமல் நின்றார். ஓடினால் காட்டுக்குள் போய்விடும், நிற்க வைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அது பக்கத்தில் விடுவது என்னை மட்டும்தான். ரொட்டியோடு போய்க் கூப்பிட்டேன். வந்தது. “இப்ப தள்ளிக்க தம்பி” என்றார் வாச்சர்.

அந்தக் கிழமையே இந்தியாவுக்குக் கடிதம் எழுதினேன். இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் சுகமறிய ஆவல். அதற்குக் கீழே, மணி சுகம். அடுத்த கடிதத்திலும் எழுதினேன். ஒரு கடிதத்தில் குட்டி போட வைத்திருப்பேன், கடைசி நேரத்தில்தான் மணி ஆண் நாய் என்பது ஞாபகம் வந்தது. இப்படி எத்தனை வருஷம் எழுதினேன் என்று கணக்கில்லை. ஒரு நாய் வாழக்கூடிய வயசு எவ்வளவு என்று அத்தையும் ஒருபோதும் கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட முழுசாக இல்லை. அங்கிருந்து சேரம்பாடிக்குத்தான் ஒரு முழுநாள். கூடலூர் தாண்டியதும் தேயிலை வந்தது, அதோடு லயம் மாதிரியான வீடுகளும் வந்தன. எங்கள் ஆட்களைக் குடியேற்றுவதற்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1968லிருந்து காட்டை வெட்டிப் போட்ட தேயிலை. டான்டீ என்கிறார்கள். அங்கே இவர்களுக்கு ‘சிலோன்காரங்க’ என்று பேர். இங்கே எங்களுக்கு என்ன பேர் என்பது ஊரறிந்தது.

அத்தையின் வாசலில் ஒரு நாய் சங்கிலியில் கிடந்தது. என்னைக் கண்டதும் குதித்துக் குதித்துக் குரைத்தது. “சிலோன்காரனக் கண்டா விடாது” என்று அத்தையின் மருமகன் சொன்னான். சொன்னவனின் அப்பா பதுளைக்காரர்.

கல்யாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பந்தி நடந்தது, பாட்டுப் போட்டார்கள், யானை வந்துவிட்டது என்று ஒரு இரவு எல்லாரும் உள்ளே ஓடினோம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு எனக்கு ஒரு வீடியோ வரும். பிஸ்கட் சாப்பிடுவது, பிஸ்கட் படுத்திருப்பது, பிஸ்கட்டின் வயிற்றைப் பையன் தடவுவது. பின்னணியில் அவன் குரல்: “சுகம் சேர். நல்லாத் திங்குது.” ஆறாம் நாள் வீடியோவில், ஓரமாக இரண்டாவது தட்டு ஒன்று தெரிந்தது. மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்பி வாங்கிய விலை கூடின சாப்பாடு அதில். பக்கத்தில் ஒல்லியாக ஒரு வால், காப்பிக்கொட்டை நிறத்தில், ஆடிக்கொண்டிருந்தது. மனைவியிடம் காட்டவில்லை. ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் அத்தையும் நானும் திண்ணையில் இருந்தோம். எழுபதைத் தாண்டியாயிற்று. கொழுந்தெடுத்த விரல்கள், நுனி இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. பாலத்தைப் பற்றிக் கேட்டார். பீலியைப் பற்றிக் கேட்டார். பெரிய கங்காணி எப்படிச் செத்தார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மணி பற்றிக் கேட்கவில்லை. நான் கேள்விக்குக் காத்திருந்தேன். கேட்டிருந்தால்கூட இவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

ஐந்து மணிக்கு ஃபோன் கிணுகிணுத்தது.

“யாருடா?”

“வீட்டுல நாய் இருக்கு அத்தே. பாக்க ஒரு பையன விட்டுட்டு வந்தேன். அவன்தான்.”

“எப்படி இருக்காம்?”

“சுகமாம்.”

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“நீயும் அப்படித்தான்டா எழுதுன.”